பானெட்டைத் திறந்து வைத்தால் என்ன?

கூடார விடுமுறையில் ஒரு நாள் மழை விடாமல் கொட்டியது, ஈரக் கூடாரத்துக்குள் பிள்ளைகளை எவ்வளவு நேரம் அடைத்து வைப்பது என்று குடும்பத்தோடு ஒரு கார் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கார்கள் அழகுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆண்டு, குதிரைத்திறன் என்று மூன்று வரி மட்டும், அதுவும் கயிற்றுக்கு அந்தப் பக்கம், குனிந்து கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற எழுத்தில். பானெட் எல்லாம் மூடியே கிடக்கிறது. இன்ஜினைக் காட்டாமல் காரைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?

ஃபோர்டு மாடல் டி முன்னால் நின்று, "அப்பா, மூணு பெடல் இருக்கே, ஆக்ஸிலரேட்டர் எது?" என்று மகள் கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! மூன்றில் எதுவுமே இல்லை. இடது பெடல் கியருக்கு, நடுவில் இருப்பது ரிவர்ஸுக்கு, வலது பிரேக். வேகத்தைக் கூட்ட ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். எனக்குத் தெரிந்ததால் சொன்னேன், பக்கத்தில் நின்ற குழந்தைகளும் வந்து கேட்டார்கள். 1908 முதல் 1927 வரை 1.5 கோடி வண்டி செய்து விற்றிருக்கிறார்கள், அதை எப்படி ஓட்டினார்கள் என்று பலகையில் ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் கார்ல் பென்ஸின் 1886 மூன்று சக்கர மோட்டார் வண்டியின் நகல். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இந்த மாதிரி வண்டியில் தன் இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் போனார், வழியில் எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக் கடையில். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல கதை எது? அதையும் எழுதவில்லை. தொடாதீர்கள் என்பதை மட்டும் எல்லா மூலையிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.