கூண்டை ஒரு வாரம் மூடி வைக்காதீங்க

அண்ணா, புதிதாக வந்த காக்டெயில் என்ற கொண்டைக் கிளியை ஒரு வாரம் கூண்டோடு துணி போட்டு மூடினால் பயம் தெளிந்துவிடும் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். இருட்டில் அது தீனியைத் தொடாது. 80, 90 கிராம் எடையுள்ள பறவை ஒரு நாள் பட்டினி கிடந்தாலே துவண்டுவிடும்.

கோபிச்செட்டிப்பாளையத்தில் எங்கள் காக்டெயிலும் வீட்டுக்கு வந்ததும் கம்பியோடு ஒட்டி, கொண்டையை விறைப்பாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கூண்டைச் சுவரோரமாகக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, பின்பக்கம் மட்டும் துண்டு போட்டோம். பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, தோட்டத்துக் கொய்யாக் கிளைகளைப் பட்டையோடு, தடிமனும் மெலிசுமாகக் குறுக்கே கட்டினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டையை உரித்துத் தள்ளியது. அப்புறம் ஒற்றைக் காலில் நின்று கண் சொக்கியது.

ராத்திரி மூடலாம், 10 முதல் 12 மணி நேரம் தூங்கட்டும். ஆனால் காக்டெயில் இருட்டில் திடுக்கிட்டுப் படபடக்கும், சின்ன வெளிச்சம் இருக்கட்டும். சமையலறையில் வைக்கவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும்.

சந்தையில் பச்சைக்கிளி வாங்கலாம் என்று நீங்கள் எழுதியதும் தவறுங்க. நம்மூர்க் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.