கடிகாரத்தை மறைத்த செல்போன்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு நாள். பழைய நகரச் சதுக்கத்தில் 1410இல் செய்த வானியல் கடிகாரத்தைப் பார்க்க, இடம் பிடித்து அரை மணி நேரம் வெயிலில் நின்றோம். எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணி அடிக்கும். மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள் திறந்து இயேசுவின் பன்னிரண்டு சீடர்களின் பொம்மைகளும் வரிசையாக வந்து போவார்கள். கடைசியில் சேவல் கூவும். எல்லாமே கொஞ்ச நேரம்தான். ஜன்னல் திறந்ததுதான் தாமதம், முன்னால் நின்ற அத்தனை கைகளும் செல்போனோடு மேலே போய்விட்டன. என் சின்ன மகள் சேவல் சத்தத்தை மட்டும்தான் கேட்டாள். ஏமாந்துபோன அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, தெருவில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ராத்திரி ஓபரா என்கிற இசை நாடகத்துக்குப் போனால், அங்கேயும் அதே கதை! எஸ்டேட்ஸ் தியேட்டர் சாதாரண இடமா? 1787இல் இசையமைப்பாளர் மோட்சார்ட் தன் ‘டான் ஜொவான்னி’ ஓபராவைத் தானே நடத்தி அரங்கேற்றிய அரங்கம். பாடகி குரலைத் தாழ்த்தி, சபையே மூச்சடக்கிக் கேட்கிற நேரத்தில், முன்வரிசையில் ஒரு செல்போன் திரை பளீரென்று எரிகிறது. அப்புறம் எப்படிப் பாட்டில் மனம் நிற்கும்? பின்னால் இருப்பவர்களும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறோம்? பாட்டு முடியும் வரையாவது செல்போனைப் பையில் வைத்திருங்கள்.