கையுறை போட்டுவிட்டால் போதுமா?

மருத்துவமனை வார்டில் செவிலியர் ஒருவர், ஒரு நோயாளியின் சிறுநீர் சேகரிக்கும் பையைக் காலி செய்த அதே கையுறையோடு பக்கத்துக் கட்டில்காரரின் சலைன் குழாயைத் திருகுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கையுறை போட்டவருக்குப் பாதுகாப்பு, சரி. மாற்றாவிட்டால் அடுத்த நோயாளிக்கு? அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதே கிருமி கையில் ஒட்டலாம். அதனால் கழற்றிய பிறகும் கை கழுவியே ஆக வேண்டும்.

ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. உலக சுகாதார நிறுவனம் கேட்பது அவ்வளவுதான். கட்டைவிரலையும் விரல் நுனிகளையும் விட்டுவிட்டு உள்ளங்கையை மட்டும் தேய்த்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

செவிலியரை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. ஒருவர் தலையில் அத்தனை கட்டில்களையும் கட்டிவிட்டு, சுவரில் மாட்டிய கரைசல் புட்டியை நிரப்பக்கூட ஆள் வைக்காத நிர்வாகத்தை என்ன சொல்வது? அழுத்தினால் காற்றுதான் வருகிறது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கைகழுவ வைத்தது சக மருத்துவர்களைத்தான். பிரசவ வார்டில் சாவு மளமளவெனக் குறைந்தது. இன்றும் கை கழுவாமல் கட்டில் கட்டிலாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வார்டில் ஒருவருக்கும் வாய் வருவதில்லை.