யாவாரி பத்து ரூபாய் கூடத் தருவானா?

போன புரட்டாசியில் ஊருக்குப் போனபோது சித்தப்பா கம்பு விதை வாங்கி வைத்திருந்தார். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல், மூன்று ஏக்கர், வானம் பார்த்த பூமி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இரும்புச்சத்து கூடுதலாக உள்ள 'தனசக்தி' கம்பைப் பற்றி எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். விதையில் பூசிய மருந்து உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏலே, இரும்பு இருக்குன்னு சொன்னா யாவாரி மூட்டைக்குப் பத்து ரூவா கூடத் தருவானா?"

தர மாட்டான். ஏன் தரணும்?

தனசக்தி நல்ல ரகம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டு நாட்டுக்கம்பிலிருந்து ஐதராபாத் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் எடுத்த ஒரு பழைய ரகத்தை மேலும் சலித்து உருவாக்கியது, 2014-இல் நாடு முழுவதற்கும் வெளிவந்தது. கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்பு. மூல ரகத்தைவிட இரும்பு 9 சதவீதம் கூட, மகசூல் 11 சதவீதம் கூட. வீரிய ஒட்டு விதை போல வருசா வருசம் கடைக்கு ஓட வேண்டாம், அடுத்த போகத்துக்கு நாமே கதிர் எடுத்து வைக்கலாம். மகாராஷ்டிரத்தில் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் இந்த இரும்புச்சத்துக் கம்பு மாவில் ரொட்டி போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணக் கம்பு சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு இரும்புக் குறைபாடு தீர்ந்தது அதிகம்.

ஆனால் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. மொசாம்பிக்கில் வைட்டமின் ஏ உள்ள சர்க்கரைவள்ளியைப் பரப்பியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிழங்கை வெட்டினால் உள்ளே ஆரஞ்சு நிறம். வண்டிக்கும் அதே நிறத்தை அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இந்த மாதிரி சத்துக் கூட்டிய பயிர் வேலைக்காக, அங்கே கிழங்கைப் பரப்பிய விஞ்ஞானி மரியா ஆண்ட்ரேடும் மற்ற மூவரும் 2016-இல் உலக உணவுப் பரிசு வாங்கினார்கள். கம்பில் எதைக் காட்டுவது? 71 மில்லிகிராம் உள்ளதும் 45 உள்ளதும் கமிஷன் கடைத் தராசில் ஒன்றுதான்.

அதனால் விவசாயியிடம் போய் ரத்தசோகைப் பாடம் நடத்துவது வீண் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. (நான் நடத்தியதும் சேர்த்துத்தான்.) 2018-இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. தேசிய அளவில் புதிதாக வெளியிடும் கம்பு ரகங்களில் குறைந்தது 42 பிபிஎம் (கிலோவுக்கு 42 மில்லிகிராம்) இரும்பும் 32 பிபிஎம் துத்தநாகமும் இருக்கணும் என்று விதி வைத்தார்கள். இதுதான் சரியான வழி. சித்தப்பா மகசூலைப் பார்த்து வாங்கும் விதையிலேயே இரும்பும் கூடவே வந்துவிடட்டும், அவருக்குத் தெரியக்கூட வேண்டாம்.

அடுத்தது, யாராவது வாங்கணும். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-இல் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதே மாதிரி எங்கள் பக்கம் கம்பு கொடுத்தால் என்ன? இங்கேயே விளைகிறது, இங்கேயே வாங்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கம்பு விளைகிற வீடுகளும் அதில் உண்டு. விளைந்ததை விற்றுவிட்டு ரேஷன் அரிசி பொங்குகிற வீடுகள்.

சித்தியிடம் கேட்டேன், ஏன் கம்பஞ்சோறு ஆக்குவதே இல்லை என்று. "யாரு இடிக்க, யாரு புடைக்க? நீ வந்து இடிச்சுக் குடு, ஆக்கிப் போடுறேன்." அதுவும் நியாயம்தான். காலையில் களையெடுக்கப் போய் மதியம் திரும்புகிறவரிடம் உரலைக் காட்டி ஊட்டச்சத்து பேசக் கூடாது. உமி நீக்கித் தர ஊருக்கு ஒரு மெஷின் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மார்கழியில் அறுப்பு முடிந்தது. பாதியைக் குருவி தின்றது போக மிச்சம் யாவாரிக்குப் போனது. எனக்கு ஒரு பையில் நாலு கிலோ வந்தது. அரைத்து மாவாகவே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்குச் சித்தி மறுத்துவிட்டார்.

"மாவு பத்து நாள்ல கசந்துரும்லே. தானியமா வச்சுக்கோ, வேணும்போது அரை."

பை இன்னும் பிரிக்காமல் அடுப்படி அலமாரியில் இருக்கிறது.