அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களுக்கு

இரண்டு நாளாகச் சுற்றிவரும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மல்லாந்து கிடக்கும் பன்றி, பச்சைத் துணி, கையுறை போட்ட கைகள். மேலே 'சென்னையில் சித்திரவதைக் கூடம்' என்று தலைப்பு. அது எங்கள் கூடமில்லை. ஆனால் கல்லீரல் ஆராய்ச்சிக்காகப் பன்றிகளுக்கு அறுவை செய்யும் கூடத்தில் அதே வேலையைத்தான் ஒன்பது ஆண்டுகளாகச் செய்கிறேன். கால்நடை மருத்துவர் நான். மயக்க மருந்து கொடுப்பவள்.

அந்தப் பன்றி மயக்கத்தில் இருந்தது. மூச்சுவிடத் தொண்டையில் குழாய் போட்டிருப்பது படத்திலேயே தெரிகிறது. மயக்கத்தில் இருந்தது.

ஊசி போடுமுன் பன்றியின் காதை என் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுவேன். இல்லாவிட்டால் காதோர ரத்தக் குழாய் எழும்பாது. எத்தனையோ காதுகள் அப்படி என் கையில் இருந்திருக்கின்றன. எனக்கு வலிக்காது என்று யார் சொன்னது?

'கம்ப்யூட்டர் போதாதா' என்கிறார்கள். நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் அது திருப்பிச் சொல்லும். 'எலி போதாதா?' 1931-லேயே ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் எலியின் கல்லீரலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்து, அது மீண்டும் வளர்வதைக் காட்டினார்கள். ஆனால் எலிக்குப் பித்தப்பையே கிடையாது. பன்றியும் மனிதனாகிவிடாது: கல்லீரலுக்கு வரும் பெரிய சிரையை அடைத்தால் பன்றி மனிதனைவிடச் சீக்கிரம் துவண்டுவிடும். இந்த வேறுபாடுகளுக்கு ஈடுகொடுத்து மனிதருக்குப் பொருந்தும் ஒரு சோதனை முறையை உருவாக்கத்தான் மாதக்கணக்கில் உழைக்கிறோம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டார்சல் ஆண்டுக்கணக்கில் நாய்களுக்கு அறுவை செய்து பழகிய பிறகே 1963-ல் டென்வர் நகரில் மனிதருக்குக் கல்லீரல் மாற்றினார். அப்படியும் அந்த மூன்று வயதுக் குழந்தை மேசையிலேயே இறந்தது. பழகாமலே கத்தியை எடுத்திருந்தால்?

தேவையில்லாத சோதனைகளே நடப்பதில்லையா? நடக்கின்றன. மறுக்கவில்லை. புத்தகமோ பொம்மையோ போதுமென்றால் விலங்கைத் தொடாதே என்று 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. அதை மீறுகிறவர்கள் மீது புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எல்லோரையும் கொலைகாரர் என்று எழுதாதீர்கள்.

என் அக்கா தன் கல்லீரலில் பாதிக்கு மேல் அப்பாவுக்குக் கொடுத்தாள். சில மாதம் கழித்து ஸ்கேனில் அது வளர்ந்திருப்பதைப் பார்த்தபோது, அறைக்கு வெளியே நின்று அழுதேன். மீதியை வைத்துக்கொண்டு ஒருவர் பிழைக்கலாம் என்பது எப்படித் தெரியவந்தது? எந்த உயிரிடமிருந்து?

எங்கள் விலங்குக் கூடத்து அண்ணன் வீடு மாதவரத்தில். இந்தப் படம் அவர் தெருவரை போய்விட்டது. 'உன் அப்பா பன்றியை உயிரோடு அறுப்பவரா' என்று அவர் மகளைப் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். அறுவைக்குப் பிறகு கம்பளியைப் போர்த்தி, விடியும்வரை கூண்டருகே உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். இன்று காலையும் வந்தார். வாழைப்பழத்தை உரித்து ஒவ்வொன்றுக்கும் கையாலேயே ஊட்டினார். யாரிடமும் பேசவில்லை.

பகிர்ந்தவர்களில் என் பெரியம்மா மகனும் உண்டு. தம்பி, அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கி வந்தவன் நீ. அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடு.