பட்டு விற்ற ககான்கள்

பட்டுப் பாதை வரைபடம் எதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சீனாவிலிருந்து ரோமுக்கு ஒரு சிவப்புக் கோடு. வடக்கே இருக்கும் புல்வெளியில் ஒரு பெயர்கூட இராது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு வழிப்பறிக்காரர் வேடம் மட்டும் உண்டு.

552இல் எழுந்த துருக்கியக் ககானகத்தை, அதாவது ககான் என்ற பட்டம் பூண்ட மன்னர்கள் ஆண்ட புல்வெளிப் பேரரசை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது வட சீனா இரண்டு அரசுகளாகப் பிளந்து கிடந்தது. ககானைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள, வட சோவ் அரசு ஆண்டுக்கு 1,00,000 துண்டுப் பட்டு அனுப்பியது. போட்டி அரசான வட சியும் அள்ளிக் கொடுத்தது. தெற்கே இருக்கும் என் இரண்டு பிள்ளைகளும் சொன்னபடி கேட்கும்வரை எனக்கு ஏது வறுமை என்று தஸ்பர் ககான் பேசியதைச் சீன வரலாற்று நூல்களே பதிவு செய்திருக்கின்றன. என்ன திமிர்!

உடுத்தி, கூடாரத்தில் தொங்கவிட்ட பிறகும் பட்டு குவிந்தது. அதை விற்கத் தெரிந்தவர்கள் சமர்கந்து, புகாரா வட்டாரத்துச் சோக்தியர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், ககானகத்தின் மேற்குப் பகுதியை ஆண்ட இஸ்தமி, சோக்தியரான மனியாக்கின் தலைமையில் பாரசீகத்துக்குத் தூது அனுப்பினார். பேரரசர் குஸ்ரோ பட்டு முழுவதையும் விலை கொடுத்து வாங்கி, தூதர்களின் கண்ணெதிரேயே கொளுத்தினார். இரண்டாவது தூதுக்குழுவில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. விஷம் என்கிறார் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) வரலாற்றாசிரியர் மெனாந்தர். வறண்ட வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாரசீகர்கள் சாதித்தார்கள்.

இஸ்தமி விடவில்லை. பாரசீகத்தைச் சுற்றிக்கொண்டு, காக்கேசிய மலைகளைத் தாண்டி, மனியாக்கே 568இல் கான்ஸ்டான்டினோபிளில் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டின் முன் நின்றார். பேச்சு நட்புறவில் முடிந்தது. மறுமொழியாக செமார்கோஸ் என்ற பைசாந்தியத் தூதர் ககானின் பொன் வேய்ந்த அரியணை வரை பயணம் போனார். சந்தை தேடி ஒரு கண்டத்தின் பாதியைக் கடக்கத் துணிந்தவர்களை வெறும் குதிரைக் கொள்ளையர் என்று எப்படி எழுத முடிகிறது?

துருக்கிய இளவரசர் குல் தெகினின் நினைவாக 732இல் நிறுவப்பட்ட கல்வெட்டு இன்னும் தெளிவு. துருக்கியரின் தாயகமான ஓட்டுகன் நிலத்திலேயே இருந்துகொண்டு வணிகக் கூட்டங்களை அனுப்பு, உனக்குத் துயரமில்லை என்று தம் மக்களுக்கு அறிவுரை சொல்கிறது அது. சீனரின் இனிய சொல்லுக்கும் மெல்லிய பட்டுக்கும் மயங்காதே என்ற எச்சரிக்கையும் அதே கல்லில் இருக்கிறது.

இவர்களைச் சாதுக்களாக்க நான் வரவில்லை. அந்தப் பட்டு படைபலத்தைக் காட்டி வாங்கியதுதான். ஆனால் அந்தச் சீன அரசுகளும் அதைத் தம் குடிகளின் தறியிலிருந்துதானே எடுத்தன? அரசன் குடியானவனிடம் எடுத்தால் வரி, ககான் அரசனிடம் எடுத்தால் மட்டும் கொள்ளையா?