தேதிய பாத்துட்டு ரிப்ளை போடுங்கப்பா

யோவ், மெசேஜுக்கு தேதின்னு ஒன்னு இருக்குறது உங்க கண்ணுக்கே தெரியாதா? நேத்து ராத்திரி எல்லாரும் படுக்கப் போற நேரத்துல எங்க ஏரியா வாட்ஸப் குரூப்ல ஒரு அண்ணாத்த "எண்ணூர்ல அமோனியா லீக், பெரியகுப்பம் ஜனம்லாம் வெளிய ஓடி வந்துகினு இருக்காங்க, ஈரத்துணிய மூக்குல கட்டிக்கோங்க"ன்ற மெசேஜ எங்கிருந்தோ தேடிப் புடிச்சு "இப்போ எப்டி கீது?"ன்னு ரிப்ளை போட்டுட்டு அவரு பாட்டுக்கு தூங்கிட்டாரு.

அது 2023 டிசம்பர் 26 ராத்திரி நடந்தது சாமி!

ரிப்ளை போட்டா பழைய மெசேஜு ஒரு குட்டிப் பொட்டிக்குள்ள வருது, பேரு இருக்கும், ரெண்டு வரி இருக்கும், தேதி மட்டும் இருக்காது, அத தொட்டு மேல போய் பாத்தாதான் என்னிக்கு போட்டதுன்னே தெரியும். பதட்டத்துல யாருய்யா தொட்டுப் பாக்குறது? கத்திவாக்கத்துல இருக்குற எங்க அத்தை, பாவம், துண்ட நனைச்சு ஜன்னல் இடுக்குல சொருகிட்டு பேத்திய தூக்கிகினு மூணு மாடி எறங்கிடுச்சு. முட்டிவலிக்காரி. எங்க பக்கம் இந்த மாதிரி மெசேஜ சிரிச்சுட்டு தள்ளவும் முடியாது, அதே டிசம்பர்லதான் மிக்ஜாம் புயல் மழ, அந்த வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்துல படகு, வலைன்னு எல்லாம் கருப்பாச்சு. கேஸுன்னா ஓடத்தான் செய்வாங்க.

இதுல ரத்தம் கேக்குற மெசேஜ் வேற. ஸ்டான்லி ஆஸ்பத்திரில பேஷன்ட், அர்ஜென்ட்டா பிளேட்லெட் வேணும்னு எப்பவோ போட்டது. பிளேட்லெட்ட எடுத்தா பொதுவா அஞ்சு நாள்தான் வெக்க முடியும், அதனாலதான் அப்பப்போ ஆள் தேடுறாங்க. அந்த பேஷன்ட் டிஸ்சார்ஜ் ஆகி வூட்ல குந்திகினு பிரியாணி துன்னுகினு இருப்பான், நீங்க அதுக்கு கீழ "இன்னும் தேவையா?"ன்னு போட்டா ஊரே அந்த நம்பருக்கு போன் அடிக்குது. அந்த நம்பருக்கு நீங்களே ஒரு போன் போட்டு கேட்டா கை ஒடஞ்சிருமா?

பழச தொடவே கூடாதுன்னு நான் சொல்லல. எங்க தெருல மழைநீர் கால்வா மூடி ஒடஞ்சு கெடக்குதுன்னு யாரோ முன்னாடி பொலம்பியிருந்தாங்க, ரொம்ப நாள் கழிச்சு ஒருத்தர் அதுக்கே ரிப்ளை போட்டு, கார்ப்பரேஷனோட 1913க்கு போன் பண்ணேன், கம்ப்ளெய்ன்ட் நம்பர வாங்கி வெச்சுகினு திரும்பத் திரும்ப கேட்டேன், வந்து மாத்திட்டாங்கன்னு எழுதுனாரு. அந்தாளுக்கு மாலையே போடலாம். கேள்வி கேட்டவனுக்கும் பதில், அப்புறம் தேடுறவனுக்கும் பதில். நீங்க இன்னா போடுறீங்க? "சேம் ப்ராப்ளம்." "அப்டேட் ப்ளீஸ்." கும்பிடுற கை ரெண்டு. சொல்றதுக்கு புதுசா ஒன்னுமே இல்லன்னா எதுக்கு அத தோண்டி எடுக்குறீங்க? விசாரிக்கணும்னா புதுசா ஒரு மெசேஜ் போட்டு, இன்ன வருஷம் நடந்துச்சே அதப் பத்தின்னு தேதிய போட்டு கேளுங்க.

அட்மினுங்க கத வேற மாதிரி. புதுசா கேட்டா "ஏற்கனவே பேசியாச்சு, மேல தேடு"ன்னு வாய மூடுவாங்க, தேடி எடுத்து கேட்டா "ஏன் பழச கிண்டுற"ன்னு எகிறுவாங்க, நடுவுல மனுஷன் இன்னாதான் பண்றது? குரூப்ல யாரு போட்ட மெசேஜா இருந்தாலும் அட்மினால அழிக்க முடியும், அது தெரியுமா அண்ணே? பீதிய கெளப்புற ரிப்ளைய ஒடனே அழிச்சுட்டு "இது பழசு, பயப்படாதீங்க"ன்னு ஒரு வரி போடுங்க. அதுகூட முடியலன்னா முழிச்சிகினு இருக்குற யாருகிட்டயாவது அட்மின் வேலைய குடுத்துட்டு நீங்க நிம்மதியா தூங்குங்க.